பத்தாம் எண் சட்டை

வரதராஜன்பேட்டை
8.1.2025

அன்புள்ள வேணிக்கு,

சோபியா எழுதுகிறேன். பெரம்பலூர் கல்லூரியில் உன்னோடு மூன்று வருடம் கால்பந்து ஆடிய சோபியா. உன் நம்பருக்கு நான்கு முறை அழைத்துப் பார்த்தேன். நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று பிறகுதான் புரிந்தது. விலாசம் நம் அணியில் ஆடிய உண்ணாமலையிடம் வாங்கினேன். அரியலூரில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறாய் என்றும் அவள்தான் சொன்னாள்.

கல்லூரிக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. விளையாட்டு அறைக்கு எதிர்ச்சுவரில், இதுவரை ஆடியவர்களில் சிறந்த ஐந்து கால்பந்து வீரர்களின் பெயரைக் கருங்கல்லில் பொறிக்கப்போகிறார்கள். தமிழில் ‘புகழ்ச்சுவர்’, பேனரில் ‘ஹால் ஆஃப் ஃபேம்’. பழைய மாணவர் சங்கத் தலைவர் ராஜராஜன்தான் தேர்வுக் குழுவுக்கும் தலைவர். பெண்களில் என் ஒருத்தியின் பெயரை எடுத்திருக்கிறார்கள். நம் கோச் செல்லதுரை சாரின் ஸ்கோர் நோட்டு இன்னும் இருக்கிறது. அதன்படி பத்தாம் எண் மூன்று வருடத்தில் இருபத்தேழு கோல். ஆண்களில்கூட யாருக்கும் அவ்வளவு இல்லையாம்.

விண்ணப்பத்தில் உடன் ஆடிய இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பூர்ணம் போட்டுவிட்டாள். இன்னொன்று நீ போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் போட்டால் போதும். திருப்பி அனுப்ப உறையும் ஸ்டாம்பும் இருக்கிறது.

மார்ச் 15 சனிக்கிழமை விழா. நீ வந்தால் சந்தோஷப்படுவேன். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சோபியா


அரியலூர்
20.1.2025

சோபியா டீச்சருக்கு,

படிவம் இத்துடன் திரும்பி வருகிறது. கையெழுத்துப் போடவில்லை. உன் ஸ்டாம்பையும் உபயோகிக்கவில்லை. வேறு ஒட்டியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

பத்தாம் எண் இருபத்தேழு கோல் போட்டது என்று எழுதியிருக்கிறாய். சரி. போட்டது. ஆனால் அந்த எண்ணுக்குள் எத்தனை பேர் இருந்தோம் என்று குழுவிடம் சொன்னாயா? கல்லூரி நம் அணிக்குப் பதினோரு சட்டை கொடுத்தது. கோல்கீப்பருடையதையும் சேர்த்துப் பதினொன்று. மாற்று ஆட்டக்காரி உள்ளே போக வேண்டுமென்றால் வெளியே வருகிறவள் சட்டையைக் கழற்றித் தர வேண்டும். நடுவர் கேட்டால் செல்லதுரை சார், “சட்டை பத்தலை சார், கொஞ்சம் பாத்துக்கங்க” என்பார். நடுவரும் சிரித்துக்கொண்டே பத்து என்று எழுதிக்கொள்வார். சாரும் நோட்டில் பத்து என்று எழுதுவார்.

முதல் பாதி நீ. இரண்டாம் பாதி நான். மூன்று வருடமும் அப்படித்தான். முதல் பாதியில் கரஸ்பாண்டென்ட் வந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் உன் அப்பா லூர்துராஜ் வாத்தியார். அணிக்கு வேன் பிடித்துக் கொடுத்தவர் ஆயிற்றே. இடைவேளையில் டீ குடித்துவிட்டு இருவரும் கிளம்பிப் போவார்கள். அதன் பிறகு ஜெயிக்க வேண்டியிருக்கும். அதற்கு நான்.

இடைவேளையில் உன் வியர்வையோடு ஈரமாக இருக்கும் அந்தச் சட்டையை நான் அப்படியே போட்டுக்கொள்வேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் துவைத்துக் காயப்போட்டு மடித்துத் தருவேன். நான் கழற்றிய சட்டையை நீ ஒரு தடவையாவது அப்படியே போட்டிருக்கிறாயா?

2014இல் அரியலூர் மைதானத்தில் மண்டல இறுதி ஆட்டம். இரண்டாம் பாதியில் இரண்டு கோல். பத்திரிகைக்காரர் வந்து பத்தாம் எண் எங்கே என்று கேட்டார். சார் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “வேணி, சட்டைய அவுத்து சோபியாட்ட குடுத்துடு.” வேன் மறைவில் நின்று கழற்றிக் கொடுத்துவிட்டுத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ அதைப் போட்டுக்கொண்டாயா? இல்லை. இரண்டு தோள்பக்கத்தையும் விரல் நுனியால் பிடித்து மாருக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கோப்பையோடு சிரித்தாய். அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது. பத்து என்ற எண் நன்றாகத் தெரிந்தது.

இருபத்தேழு கோலையும் சட்டைதான் போட்டது என்றால் சட்டையைச் சுவரில் மாட்டச் சொல். சாட்சிக் கையெழுத்து போடுகிறேன்.

வேணி


வரதராஜன்பேட்டை
29.1.2025

வேணி,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டேன். பாதியில் மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் மீதியைப் படித்தேன்.

நீ சொல்வது எல்லாம் நடந்ததுதான். ஆனால் எனக்கும் சொல்ல இருக்கிறது. எனக்கு வீசிங் இருந்தது உனக்குத் தெரியும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடினால் நெஞ்சு விசில் அடிக்கும். நான் வெளியே வந்தது அதனால்தான். நான் ஒன்றும் ஆடத் தெரியாதவள் இல்லை. முதல் பாதியில் நான் போட்ட கோலும் கோல்தான்.

படத்தைப் பற்றி. அன்றைக்குச் சட்டை நனைந்திருந்தது, வியர்வை. அதனால்தான்.

அந்த நோட்டை வைத்துத்தான் சார் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். அதை வைத்துத்தான் இந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலை கிடைத்தது. இப்போது போய் இருபத்தேழு என்னுடையது இல்லை என்று சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்பாவும் இப்போது இல்லை. அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும் என் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். பதினோரு வருடம் கழித்து இதைக் கிளறினால் யாருக்கு என்ன கிடைக்கும்?

ராஜராஜன் அண்ணனிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். விழா மேடைக்கு உன்னை அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்றார். ‘துணை நின்றவர்கள்’ என்று அழைப்பிதழில் ஒரு வரியும் போடுவார்களாம். முதல் பதினொன்றில் பெயர் இருந்தவர்களைத்தான் கல்லில் பொறிக்க முடியும் என்பது விதி. அதை அவரால் மாற்ற முடியாதாம்.

உன் நம்பரில் என்னைத் திற. பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

சோபியா


அரியலூர்
6.2.2025

சோபியாவுக்கு,

போன் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், வைத்த பிறகு இருவரும் பேசியது ஒன்றும் நினைவிருக்காது. எழுது. எழுதினால் திருப்பி எடுத்துப் படிக்கலாம்.

ஒரு சட்டை வாங்கித் தர மனம் இல்லாத கல்லூரி எனக்குப் பொன்னாடை போர்த்துகிறதா? அதை ராஜராஜன் அண்ணனே போர்த்திக்கொள்ளட்டும். துணை நின்றவள் என்றால் யார்? தண்ணீர் பாட்டில் தூக்கியவளா, கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டியவளா? நான் எங்கே நின்றேன் என்று எதிர் அணி கோல்கீப்பர்களைக் கேள்.

முதல் பதினொன்று விதி நல்ல விதி. முதல் பதினொன்றை யார் எழுதினார்கள்? தா.பழூர் பக்கம் காலனியிலிருந்து வந்த நாங்கள் மூன்று பேர் அணியில் இருந்தோம். மூன்று பேரும் மாற்று ஆட்டக்காரிகள். மூன்று வருடமும் மாற்று. தற்செயலாம். இப்போது அந்தத் தற்செயலுக்குக் கருங்கல்லில் ஒரு விதி.

வியர்வை என்று எழுதியிருக்கிறாய். வியர்வைதான். உன்னுடையதும் வியர்வைதான், நான் போட்டுக்கொண்டேன். முப்பத்திரண்டு வயதாகிறது, இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறாய், மணிக்கூண்டு வைத்த பெரிய பள்ளியில் டீச்சர். இன்னமும் எனக்கு வியர்வை என்று எழுதுகிறாய். இதற்கு நீ பதில் எழுதாமலே இருந்திருக்கலாம்.

உன் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உன் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அதற்கு நான் பொய்க் கையெழுத்துப் போட வேண்டுமா? இங்கே சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் தினமும் என்னிடம் நூறு கிலோ குறைத்துப் போடு தங்கச்சி என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் பிள்ளை இருக்கிறது. நான் போடுவதில்லை.

சாட்சிக்கு சம்பூர்ணம் போல இன்னொருத்தி கிடைப்பாள். நீ என்னிடம் ஏன் வந்தாய் என்று எனக்குத் தெரியும். வேறு யார் போட்டாலும் உனக்கு உறுத்தும். நான் போட்டால் உறுத்தாது. அதற்கு நான் ஆள் இல்லை.

வேணி


வரதராஜன்பேட்டை
23.2.2025

வேணி,

நேற்று பெரம்பலூர் போனேன். சாட்சிக் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். “அதெல்லாம் ஃபார்மாலிட்டி டீச்சர்” என்று ராஜராஜன் அண்ணன் அதை ஃபைலில் செருகினார். எனக்கு நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். உங்கள் கோல்கள்தானே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள்.

அந்த நீல அட்டை நோட்டு. சாரின் சாய்ந்த கையெழுத்து. நான் அதில் வெறும் எண்ணைத்தான் எழுதியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் நிமிடத்தையும் எழுதியிருக்கிறார். 10 - 23ஆம் நிமிடம். 10 - 61ஆம் நிமிடம். 10 - 78ஆம் நிமிடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும்.

நாற்பத்தைந்துக்குள் எத்தனை, அதற்கு மேல் எத்தனை என்று அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். இரண்டு தடவை எண்ணினேன். எனக்கு எட்டு. உனக்குப் பத்தொன்பது.

பாதிக்குப் பாதி இருக்கும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். எட்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வருகிற வழியில் பஸ்ஸில் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்று கேட்காதே.

சட்டை. நீ துவைத்து மடித்துத் தருவாய். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா அதை டெட்டால் ஊற்றி மறுபடி துவைப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நான், “அவ ஏற்கெனவே தொவச்சிட்டாம்மா” என்றேன். “அதுக்குத்தான்” என்றார் அம்மா. நான் மறுபேச்சுப் பேசவில்லை. அதை ஒரு பாவமாகவே நினைக்காமல் அடுத்த ஞாயிறு மாதா கோவிலில் திவ்ய நற்கருணை வாங்கினேன். படம் எடுத்த அன்று சட்டையைப் போட்டுக்கொள்ளாததற்கும் காரணம் இதுதான். வியர்வை என்று எழுதியது பொய். எழுதும்போதே தெரியும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. என்னை மன்னிக்க முடியுமா?

சோபியா


அரியலூர்
3.3.2025

சோபியா,

என்ன செய்வது என்று தெரியவில்லையா? நோட்டு உன் கையில் இருந்தது. எண்ணிக்கை உன் வாயில் இருக்கிறது. இனி தெரிய என்ன பாக்கி?

எனக்கு மட்டும் கடிதத்தில் சொல்லிவிட்டு, மேடையில் போய் இருபத்தேழுக்கு மாலை வாங்கிக்கொண்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க உங்கள் ஊரில் சாமியார் இருக்கிறார். அவர் வெளியே சொல்லமாட்டார். நான் சொல்வேன்.

நான் விழாவுக்கு வரமாட்டேன். பயந்து இல்லை. நான் வந்து உட்கார்ந்தால் நீ எனக்காகச் சொன்னதாக ஆகும். நான் கேட்டு நீ கொடுத்ததாக ஆகும். நான் கேட்கவில்லை. அது உன் கையில் இருக்கும் என் பொருள். வைத்திருப்பதா திருப்புவதா என்று நீயே முடிவு செய்.

குழுவுக்கு நானும் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். நோட்டில் நிமிடத்தைப் பாருங்கள் என்று மூன்றே வரி. பதில் வராது. வராவிட்டாலும் போய்ச் சேர்ந்தது என்று ஒப்புகை அட்டை வருமே.

மன்னிப்பைப் பற்றி இப்போது பேச எனக்கு நேரம் இல்லை. மார்ச் மாதம், லாரி வரிசை ரோடு வரை நிற்கிறது.

வேணி


வரதராஜன்பேட்டை
18.3.2025

வேணி,

யாராவது உனக்கு வீடியோ அனுப்பியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

மேடையில் நான்காவதாக என்னை அழைத்தார்கள். ஆளுக்கொரு கருங்கல். விழா முடிந்துதான் சுவரில் பதிப்பதாக இருந்தது. மேடையில் சாய்த்து வைத்து மேலே பட்டுத்துணி. நன்றியுரைக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். நான் ஒரு தாள் எடுத்துப் போயிருந்தேன். எல்லோரும் கவிதை என்று நினைத்துவிட்டார்கள். பத்தாம் எண் போட்ட கோல் இருபத்தேழு, அதில் என்னுடையது எட்டு, மற்ற பத்தொன்பதும் தா.பழூர் வேணி போட்டது என்று ஆரம்பித்தேன். பிறகு தேதி, ஊர், நிமிடம் என்று உன்னுடையதை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ஆறாவதில் ராஜராஜன் பக்கத்தில் வந்து நின்றார். “டீச்சர், இது நன்றியுரை. கணக்குப் பாடம் இல்ல” என்றார். முன்வரிசை சிரித்தது. நான் ஏழாவதை வாசித்தேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைக் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளைக் காலையில் வரிசையில் நிற்கவைக்கிறவள் நான். எட்டாவதிலிருந்து பத்தொன்பதாவது வரை கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன். பின்னால் மாணவிகள் பக்கம் யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். முடிக்கும்போது அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்து எண்ணியது.

செல்லதுரை சார் முன்வரிசையில் இருந்தார். வயதாகிவிட்டது. கரஸ்பாண்டென்ட் அவரைப் பார்த்து இது உண்மையா என்று கேட்டார். சார் எழுந்து, “நோட்டுல நம்பர்தான் எழுதுனேன். பேர எழுதுங்கன்னு யாரும் கேக்கல” என்றார். உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு என்னையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நினைவுப் பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சுவரில் மூன்று ஆண்களின் கல்லும் ஐந்தாமவரின் கல்லும் இருக்கின்றன. நான்காவது இடத்தில் இப்போது நான்கு ஆணித்துளை. பள்ளியிலிருந்து நேற்று மெமோ வந்தது. சான்றிதழ் பற்றி ஒரு மாதத்துக்குள் விளக்கம் வேண்டுமாம். அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு நல்லது. நானும் பேசினால் டெட்டாலில் ஆரம்பிப்பேன்.

குழு உனக்கு எழுதப்போகிறதாம். மாணவிகள் பிரின்சிபால் அறைக்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்ததால் வந்த வேகம் அது. ‘பத்தொன்பது கோலும் என்னுடையது, நோட்டில் உள்ளபடி எல்லாம் சரி’ என்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விதியைத் தளர்த்தி உன் பெயரைப் பொறிப்பார்கள். போட்டுவிடு, வேணி. இதில் பிடிவாதம் வேண்டாம்.

சோபியா


அரியலூர்
2.4.2025

சோபியா,

வீடியோ பார்த்தேன். எடை மேடையில் லாரிக்காரர்கள் நான்கு பேர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், “இந்த டீச்சருக்குத் தொண்டையா லாரி ஹாரனா” என்றார். நீ பன்னிரண்டாவதை வாசிக்கும்போது கொஞ்சம் இரைத்தது. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

குழுவின் கடிதம் வந்தது. நீ சொன்ன மாதிரியே எழுதிவைத்துக் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். நான் பத்தொன்பதை அடித்துப் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ராஜராஜன் போன் செய்தார். “ஒரு கோல்தானம்மா, யாரு வந்து எண்ணப் போறா? ஒண்ணு தப்புன்னு எழுதினா நோட்டே தப்புன்னு ஆயிடும். அப்புறம் உங்க பேரப் போடச் சொல்லிக் கமிட்டில நான் எப்படிப் பேசுறது? பத்தொம்பதுன்னே போட்டுக் குடுங்க” என்றார். பயமுறுத்துகிறாரா உதவுகிறாரா என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. “தப்பு இருந்தா திருத்துங்க. எனக்கு சாதகமா இருக்குன்னு தப்ப விடாதீங்க” என்றேன். வைத்துவிட்டார். இனி என் பெயரைப் பொறிப்பார்களா என்று தெரியாது. அந்த நோட்டு செல்லாது என்று சொல்லிக் கழற்றிவிட அவர்களுக்கு நானே ஒரு வழி கொடுத்துவிட்டேன் என்று உண்ணாமலை திட்டுகிறாள். கொடுத்தால் கொடுத்ததாக இருக்கட்டும். கழற்றிவிட்டால் மறுபடி எழுதுவேன். மாணவிகளும் எழுதுகிறார்கள். இந்த முறை மாற்று ஆட்டக்காரிகள் மூன்று பேரின் பெயரையும் கேட்டு எழுதுகிறோம். என்னுடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதாக இல்லை.

நீ செய்ததற்கு நன்றி சொல்லமாட்டேன். திருப்பிக் கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு வேறு விஷயம். அது இன்னும் எனக்கு வரவில்லை. வரும்போது சொல்கிறேன். வராமலும் போகலாம். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். அது மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. மெமோவுக்கு விளக்கம் எழுதும்போது சந்தேகம் வந்தால் கேட்பதற்கு.

அந்த விளக்கத்தில் எட்டு என்று எழுதிவிடாதே. நாற்பத்தைந்துக்கு மேலே உள்ளதெல்லாம் வேணி என்று நீ பிரித்தது ஒரு ஆட்டத்துக்குப் பொருந்தாது. 2013 ஆகஸ்ட், ஜெயங்கொண்டம். முந்திரிக்காட்டை ஒட்டிய மைதானம். இடைவேளையில் என் வலது பூட்ஸின் அடி பிளந்துவிட்டது. சணல் கிடைத்துக் கட்டி முடிப்பதற்குள் நீயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாய். பத்து நிமிடம் ஆடினாய். நாற்பத்தொன்பதாவது நிமிடம் உண்ணாமலை கார்னர் அடித்தாள். நீ இரண்டு பேருக்கு நடுவில் எழும்பித் தலையால் போட்டாய். நான் தலையால் ஒரு கோலும் போட்டதில்லை, எனக்கு அது வராது.

ஒன்பது என்று எழுது. நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கோல்.

வேணி